தாளிலே பிழை, தோளிலே நட்சத்திரம்

காக்கிச் சட்டைக்காரருக்காகவா கட்டுரை என்று புருவம் நெரிக்கும் தோழர்களை நான் அறிவேன். ஊர்வலத்திலே தடியடி பட்டவர்கள், கூட்டம் முடிந்து வீடு திரும்பும் வழியிலே பிடிக்கப்பட்டுக் கொட்டடியிலே இரவைக் கழித்தவர்கள் நமது அணியிலே ஏராளம். அவர்கள் கேட்கிறார்கள்: "அடித்தவர் ஏட்டாகவே இருந்தால் என்ன, ஆய்வாளராக உயர்ந்தால் என்ன? அவர் எழுதும் தேர்விலே வினா நேராக இருந்தால் நமக்கென்ன, கோணலாக இருந்தால் நமக்கென்ன?"

நமக்கென்னவா! நள்ளிரவிலே, மகளைக் காணவில்லை என்று கதறிக்கொண்டு நிலையத்துப் படியேறுகிறாள் ஒரு தாய். அவள் முன்னே நாற்காலியிலே அமர்ந்திருப்பவர் யார் என்பதை முடிவு செய்தது தேர்தல் அல்ல, சட்டமன்றம் அல்ல, ஒரு தேர்வுத்தாள். அந்தத் தாளை எழுதியவர் எதைக் கேட்டார், எதைக் கேட்காமல் விட்டார், இத்தனை பெற்றால் போதும் என்று கோடு கிழித்தவர் எந்த அளவுகோலைக் கையிலே வைத்திருந்தார்? இவற்றைக் கேளாமல் காவல்துறைச் சீர்திருத்தம் பேசுவது மேடைக்கு அழகாக இருக்கலாம். அந்தத் தாய்க்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டுவிட்டு மேடையேறியவன் தேர்வைப் பற்றிப் பேசலாமா என்று நாளைக்கே ஓர் ஏடு எழுதக்கூடும். எழுதட்டும். வாயில் குறுகலா அகலமா என்பதை உள்ளே போய் உட்கார்ந்துவிட்டவரைவிட வெளியிலே நிற்பவன் நன்றாகவே அறிவான்.

நமது மாநிலத்திலே இரண்டாம் நிலைக் காவலராகச் சேரும் இளைஞர் எப்படி மேலே போகிறார்? ஆண்டுகளைத் தின்று போகிறார். 10 ஆண்டு கழித்து முதல் நிலைக் காவலர், 15 ஆண்டிலே தலைமைக் காவலர், 25 ஆண்டிலே சிறப்பு உதவி ஆய்வாளர் என்பதே நெடுங்காலம் இருந்து வந்த கணக்கு. நரை வந்த பிறகு வந்து சேரும் நட்சத்திரம்! அதற்கு முன்பே உயர விரும்புகிறவருக்கு உள்ள வழி உதவி ஆய்வாளர் தேர்வு. அதிலே 20 விழுக்காடு இடங்கள் துறையிலே பணியாற்றுவோருக்கென்று ஒதுக்கப்பட்டுள்ளன. இந்த வழியும் யாரோ அள்ளிக் கொடுத்த அருட்கொடையல்ல. வெள்ளையர் ஆட்சியிலே, 1902-ல் அமைந்த பிரேசர் போலீஸ் கமிஷன், கான்ஸ்டபிள்களை உயர்த்தி அதிகாரிகளாக்குவதைவிட உதவி ஆய்வாளர்களை வெளியிலிருந்து நேராக எடுப்பதே மேல் என்று கருதிற்று. கைத்தடி ஒரு வகுப்பாருக்கு, கைக்கோல் வேறு வகுப்பாருக்கு! விடுதலைக்குப் பிறகு, 1977-ல் அமைந்த தேசிய போலீஸ் கமிஷன்தான், கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர் கான்ஸ்டபிளாகவே ஓய்வு பெறும் அவலத்தை எடுத்துக் காட்டி, கீழிருந்து மேலே வரும் பாதையை அகலமாக்கச் சொல்லிற்று.

பாதை திறந்தது. பாதையின் நடுவிலே தேர்வுத்தாள் நிற்கிறது. அதை எடுத்துப் பார்ப்போம்.

முதலிலே தேர்ச்சி மதிப்பெண். 100 வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கு விடைகள், தவறாகக் குறித்தால் கழிப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். தாளைப் படிக்கவே படிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு கட்டத்தைக் கறுப்பாக்குகிறவருக்கும் சராசரியாக 25 கிடைக்கும். பள்ளிக்கூடத்திலிருந்து நம் மூளையிலே குடியேறிவிட்ட எண் ஒன்று உண்டே, 35, அதைத் தேர்ச்சிக் கோடாக வைத்தால் என்ன ஆகும்? 14 வினாக்களுக்கு மட்டும் மெய்யாகவே விடை அறிந்தவர், மிச்சம் 86-லும் குருட்டாம்போக்கிலே குறித்தால், நான்கில் ஒன்று, அதாவது 21 சரியாகிவிடும். 14-ம் 21-ம் 35. தேர்ச்சி! கோட்டை 40-க்கு உயர்த்தினால்? 20 அறிந்தால் போதும். மற்ற 20-ஐ அதிர்ஷ்ட தேவதை அளந்து போடுவாள். நாமோ அதிர்ஷ்டத்தை நம்பாத கூட்டம். நமது அரசுகள் நடத்தும் தேர்வோ அந்த அம்மையாருக்கு அரியணை போட்டுக் கொடுக்கிறது!

இங்கிலாந்திலே கான்ஸ்டபிள் சார்ஜென்ட் ஆவதற்கான சட்டத் தேர்விலே 55 விழுக்காடும், அதற்கு மேலே இன்ஸ்பெக்டருக்கு 65 விழுக்காடும் கோடாக வைத்திருக்கிறார்கள். நமது கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 55-க்கு 40 அறிந்திருக்க வேண்டும், 65-க்கு 53. அங்கே உயர்வு, இங்கே தாழ்வு என்று உடனே கை தட்டவோ தலை குனியவோ வேண்டா. வினா எளிதாக இருந்தால் 65 வெறும் மேடு. கடினமாக இருந்தால் 35 மலை. எண்ணை மட்டும் தனியே தூக்கி வைத்துக்கொண்டு தரம் பேசுகிறவர், கடையிலே எடைக்கல்லைப் பார்த்துவிட்டுத் தராசைப் பார்க்காமல் வருகிறவர். அந்த நாட்டாரிடம் நான் மெச்சுவது வேறொன்றை. 150 வினாக்கள் கொடுத்து, அவற்றிலே 10-ஐ மதிப்பெண்ணில் சேர்ப்பதில்லை; அவை வெள்ளோட்டத்துக்காக. எந்த வினா ஆளைக் குழப்புகிறது, எந்த வினாவுக்கு நன்கு படித்தவரே தவறி விழுகிறார் என்று பார்த்த பிறகே அது மெய்யான தாளுக்குள் நுழைகிறது. நாம் நாடகத்துக்கு ஒத்திகை பார்க்கிறோம். ஒரு மனிதரின் எஞ்சிய பணிக்காலத்தை முடிவு செய்யும் வினாவுக்கு ஒத்திகை வேண்டாவா?

இன்னொன்று. 40-ல் கோடு நிற்கிறது. ஒருவர் 40, மற்றவர் 39. முன்னவர் தோளிலே நட்சத்திரம். பின்னவர் மீண்டும் பாரா. அறிவிலே இருவருக்கும் வேறுபாடு உண்டா? 100 வினாத் தாளிலே, அதே அறிவோடு அதே ஆள் அதே தரமுள்ள வேறொரு தாளை எழுதினாலும் நாலைந்து மதிப்பெண் ஏறும், இறங்கும். புள்ளியியல் படித்த எவரையும் கேட்டுப் பாருங்கள். அதனால் கோடே வேண்டா என்று சொல்ல வரவில்லை. எங்காவது கிழித்துத்தான் ஆகவேண்டும். ஆனால் ஏன் அங்கே கிழித்தோம் என்று சொல்ல ஒரு காரணம் இருக்க வேண்டுமல்லவா? காரணத்தோடு கிழிக்க வழியும் உண்டு. அமெரிக்க அறிஞர் ஆங்காப் பெயரால் 1971 முதல் வழங்கி வரும் முறை அது. வேலை தெரிந்த பத்துப் பன்னிரண்டு பேரை உட்கார வைத்து, வினா வினாவாக எடுத்து, "இந்தப் பதவிக்கு மட்டாகத் தகுதி பெற்ற நூறு பேரிலே எத்தனை பேர் இதற்குச் சரியாக விடை எழுதுவார்கள்?" என்று கேட்டு, அவர்கள் சொன்னவற்றைச் சராசரி பார்த்துக் கூட்டினால், தேர்ச்சி மதிப்பெண் தாளின் வயிற்றிலிருந்தே பிறக்கிறது. எளிய தாளுக்கு உயர்ந்த கோடு, கடினத் தாளுக்குத் தாழ்ந்த கோடு. மருத்துவத் தேர்வுகளிலே வெளிநாடுகளில் பழகிப்போன முறை. நாமோ 35, 40 என்று பரம்பரைச் சொத்தைப்போல் ஓர் எண்ணைக் கட்டிக்கொண்டு அழுகிறோம்.

கோடு இருக்கட்டும். வினாவைப் பாருங்கள். தோழர்களே, உள்ளபடியே நெஞ்சு வேகும் இடம் இதுதான்.

சட்டத் தேர்வென்றால் பிரிவு எண்ணைக் கேட்பது என்று ஆகிவிட்டது. கொலைக்கு எந்தப் பிரிவு? திருட்டுக்கு எந்தப் பிரிவு? மோசடிக்கு எது? எண்ணை உருப்போட்டவர் உயர்ந்தார். வந்தது 2024 ஜூலை முதல் நாள். இந்தியத் தண்டனைச் சட்டம் போயிற்று, பாரதிய நியாய சன்ஹிதா வந்தது. வாயிலே நுழையாத வடமொழிப் பெயரைப் பற்றித் தனியே ஒரு ஞாயிற்றுக்கிழமை பேசலாம். 302 என்றால் கொலை என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்தோமே, அந்தக் கொலை 103-க்குப் போய்விட்டது; புதிய சட்டத்திலே 302 என்பது மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு. ஏமாற்றுக்காரனுக்குப் பட்டப்பெயராகவே ஆகிவிட்ட 420? புதிய சட்டத்திலே மொத்தமே 358 பிரிவுகள். 420-க்கு இடமே இல்லை! மோசடி 318-ல் குடியேறிற்று. அன்று ஒரு நிலையத்திலே இப்படி ஓர் உரையாடல் நடந்திருக்கக் கூடும். நாடகம் எழுதுகிறவன் கற்பனை என்று கொள்ளுங்கள்.

ஏட்டு: என்ன தம்பி, மூட்டை கட்டுகிறாய்?

காவலர்: பழைய சட்டப் புத்தகம், அண்ணே. எடைக்குப் போடுகிறேன். தேர்வுக்காக ஐந்நூற்றுப் பதினொரு பிரிவையும் தலைகீழாகச் சொல்வேன். ஒரே இரவிலே எல்லாம் வீண்.

ஏட்டு: எண் மாறிற்று, சரி. பிணம் கிடக்கிற இடத்தைக் கூட்டம் மிதித்துவிடாமல் காப்பது மாறிற்றா? அழுகிற மனைவியிடம் பதமாகப் பேசி நடந்ததை வாங்குவது மாறிற்றா?

காவலர்: இல்லை, அண்ணே. ஆனால் அதையெல்லாம் தேர்விலே கேட்கிறார்களா?

அந்த இளைஞர் கேட்டதற்கு எந்த வாரியம் விடை சொல்லும்? ஒரே இரவிலே செல்லாக்காசாகிவிடும் அறிவை அளந்துதானா ஒருவரை நிலைய அதிகாரி ஆக்குவது? நான்கு விடைத் தாளிலேயே நல்ல வினா கேட்க முடியாதா? முடியும். "இரவு 11 மணி. பக்கத்து நிலைய எல்லையிலே நடந்த கொடுமையைச் சொல்ல ஒரு பெண் வருகிறாள். நீ என்ன செய்வாய்?" எல்லை எதுவானாலும் முதல் தகவல் அறிக்கை பதியவேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டத்தின் 173-ம் பிரிவு சொல்கிறது. பிரிவு எண்ணை மறந்தவர்கூட, அவளை விரட்டாமல் பதிந்துகொள்பவர் சரியான விடையைக் குறிப்பார். "ஒருவரைப் பிடித்து வந்துவிட்டாய். அடுத்து வரிசையாக என்னென்ன?" கைதுக் குறிப்பு, சாட்சிக் கையெழுத்து, குடும்பத்துக்குச் செய்தி, மருத்துவப் பரிசோதனை, 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்தல். டி.கே.பாசு வழக்கிலே 1996-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளும் அரசியல் சட்டத்தின் 22-வது பிரிவும் கேட்பவை இவை. 2020-ல் சாத்தான்குளத்திலே தந்தையும் மகனும் காவலில் வதைபட்டு மாண்டார்களே, அந்த நிலையத்திலே இருந்தவர்கள் சட்டத்தின் எண் தெரியாதவர்களா? எண் தெரிந்திருக்கும். எண் தெரிந்ததனால் யார் உயிர் பிழைத்தது?

வினா மட்டமாக இருப்பது ஒரு கேடு. விடைக்குறிப்பே தவறாக இருப்பது பெருங்கேடு. பீகாரிலே இளநிலைப் பொறியாளர் தேர்வு ஒன்று. விடைக்குறிப்பை அறிஞர்கள் ஆராய்ந்தபோது 100-க்கு 41 விடைகள் பிழை என்று கண்டார்கள். கேட்டவனே தவறு, எழுதியவன் தோல்வி! 2013-ல் உச்ச நீதிமன்றம் திருத்திய குறிப்போடு மறுபடியும் மதிப்பிடச் சொல்லிற்று. ஏற்கனவே வேலையிலே அமர்ந்தவர்களை வீட்டுக்கு அனுப்பாமல், பட்டியலின் கடைசியிலே வைக்கச் சொல்லிற்று. 1983-லேயே கான்பூர் பல்கலைக்கழக வழக்கிலே, குறிப்பு தவறு என்பது தெளிவாகத் தெரிந்தால் சரியாக எழுதிய மாணவரைத் தண்டிக்கலாகாது என்று சொல்லியாகிவிட்டது. ஆனால் 2017-ல் அதே நீதிமன்றம், ஐயம் எழுந்தால் அதன் பலன் தேர்வு நடத்துவோருக்கே போகவேண்டும் என்றது. 2009-ல் நடந்த ஆசிரியர் தேர்வின் முடிவு எட்டாண்டாகியும் முடிவாகவில்லையே என்று அலுத்துக்கொண்டு சொன்னது அது. அலுப்பு எனக்கும் புரிகிறது. ஆயினும், குற்றவாளிக்கு ஐயத்தின் பலனைக் கொடுக்கும் நாட்டிலே, குற்றவாளியைப் பிடிக்கும் காவலருக்கு அதைக் கொடுக்க மனமில்லையே என்று கேட்டால் தவறாகுமா?

ஆட்டம் நடக்கும்போதே எல்லைக்கோட்டை நகர்த்துவதும் உண்டு. ராஜஸ்தான் உயர்நீதிமன்றத்திலேயே அது நடந்தது. 13 மொழிபெயர்ப்பாளர் இடம். 21 பேர் தேர்வெழுதினர். எழுதி முடித்த பிறகு, 75 விழுக்காடு பெற்றவரே தேறியவர் என்று புதிதாகக் கோடு! தேறினோர் மூவர். நீதி வழங்கும் மன்றத்தின் நிலையே இதுவானால், காவல்துறையை மட்டும் குறை சொல்லி என்ன? விதிகள் இடந்தந்தாலன்றி ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றலாகாது என்று 2024 நவம்பரில் ஐவர் அமர்வு தீர்ப்புரைத்தது.

இனி, "தகுதி போச்சே, திறமை போச்சே" என்று ஒப்பாரி வைப்போரிடம் வருவோம். அவர்களுக்கு உத்திரமேரூர்க் கல்வெட்டென்றால் உயிர். பராந்தகச் சோழன் காலத்தது, 919, 921 ஆண்டுகளில் பொறித்தது, குடவோலை கண்ட பெருமை. நானும் வியக்கிறேன். ஆனால் அதிலே கண்ட தகுதிகளைப் பாருங்கள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவன் மறுபடி நிற்கலாகாது. அருமை! செய்யப்போகும் வேலைக்கு ஏற்ற தகுதி. வேதம் கற்றிருக்க வேண்டும். ஏரியைப் பராமரிக்க வேதம் எதற்கு? வாய்க்கால் மடை மந்திரத்துக்கா திறக்கும்? வேலைக்கு வேண்டிய தகுதியோடு, வேண்டாதவரை விலக்கும் தகுதியையும் ஒரே கல்லிலே செதுக்கிவிட்டார்கள். ஆயிரம் ஆண்டு கழிந்தும் அந்த உளி ஓயவில்லை.

பதவி உயர்வுத் தேர்விலே தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடியினருக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தளர்த்துவது செல்லாது என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொல்ல, 1997-ல் மத்திய அரசு அந்தச் சலுகையைப் பறித்தது. மூன்றாண்டு போராட்டத்துக்குப் பிறகு, 2000-ல் 82-வது திருத்தம் வந்து, அரசியல் சட்டத்தின் 335-வது பிரிவிலே அந்த உரிமையை மீண்டும் பொறித்தது. தகுதி போச்சு என்றார்கள். எந்தத் தகுதி போயிற்று? 14 அறிந்தவரைத் தேறவைக்கும் தாளிலே, பிரிவு எண்ணை உருப்போட்டவரை உயர்த்தும் தாளிலே, இருந்த தகுதி எது, போன தகுதி எது?

அமெரிக்காவிலே நியூ லண்டன் என்றொரு சிற்றூர். போலீஸ் வேலைக்கு வந்த ஒருவர் அறிவுத் தேர்விலே 33 பெற்றார். வேலை இல்லை என்று அனுப்பினார்கள். குறைவு என்பதற்காக அல்ல, அதிகம் என்பதற்காக! 20 முதல் 27 வரை பெற்றவர்தான் வேண்டுமாம். மிகுந்த அறிவுடையவர் சலிப்புற்று ஓடிவிடுவாராம். 2000-ல் மேல்முறையீட்டு மன்றமும் அதை ஒப்பிற்று. நான் நாடகத்திலே எழுதியிருந்தால் மிகை என்று சொல்லியிருப்பீர்கள். அதே நாட்டிலே, பாஸ்டன் நகரத்துக் கறுப்பினக் காவலர்கள் வழக்காடினார்கள். லெப்டினன்ட் பதவிக்கு 2008-ல் நடந்த எழுத்துத் தேர்வு ஏட்டறிவை அளந்ததே தவிர, ஆட்களை வழிநடத்தும் ஆற்றலை அளக்கவில்லை என்று 2015-ல் ஒரு நீதிபதி கண்டார். அதே நகரத்திலே சார்ஜென்ட் பதவிக்கு நடந்த தேர்வுகள் செல்லும் என்று 2016-ல் வேறு மன்றம் கூறிற்று. முடிவு எப்படியாயினும், "இந்த வினா இந்த வேலையைத்தான் அளக்கிறது என்று காட்டு" என்று அரசைக் கூண்டிலே நிறுத்த அங்கே சட்டத்திலே இடம் இருக்கிறது. இங்கே அந்தக் கேள்வி கேட்கப்படுவதே அரிது.

நமது பக்கத்துக்கும் ஒரு சொல். கோட்டை இறக்கிவிடுங்கள், எல்லோரும் தேறட்டும் என்று சங்க மேடைகளிலே முழங்குவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். நான் அதற்கு உடன்பட மாட்டேன். வினா கெட்டிருக்கும்போது கோட்டை இறக்கினால், இன்னும் கொஞ்சம் குருட்டு அதிர்ஷ்டம் மேலே போகும். கோட்டை ஏற்றினால், இன்னும் கொஞ்சம் உருப்போடல் மேலே போகும். இரண்டிலும் அடி வாங்கப்போவது கொட்டடியிலே குந்தியிருக்கும் ஏழை. அவனும் நம்மவன்தான், தோழர்களே. காவலரைவிட ஒரு படி கீழே இருப்பவன். தளர்வு வேண்டியவர்க்குத் தளர்வு இருக்கட்டும், அது உரிமை. அந்த உரிமைக்குப் பொருள் வரவேண்டுமானால், தாள் வேலையை அளக்கும் தாளாக இருக்கவேண்டும்.

மொழியையும் விட்டுவிட முடியாது. 2023-ல் மத்திய ரிசர்வ் போலீஸ் படைக்கு 9,212 இடங்களுக்கு ஆள் எடுத்தார்கள், தமிழ்நாட்டுக்கு 579. தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும். 100 மதிப்பெண்ணிலே 25 இந்தி அறிவுக்கு! இங்கிருந்து எதிர்ப்புக் குரல் எழுந்த பிறகே, தமிழ் உள்ளிட்ட 13 மொழிகளிலும் எழுதலாம் என்று ஒப்புக்கொண்டார்கள். அது சேர்க்கைத் தேர்வு. நமது மாநிலத் தேர்வாணையத்தின் வினாத்தாளைப் புரட்டினால், ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். தமிழிலே படித்து, தமிழிலே புகார் வாங்கி, தமிழிலே அறிக்கை எழுதும் ஒருவரை அளக்கும் வினா முதலிலே தமிழிலே பிறக்கவேண்டும். ஆங்கிலம் பின்னே வரட்டும். காவல்துறைத் தேர்வுக்கேனும் இதை விதியாக்கலாம்.

காவல்துறை மானியக் கோரிக்கை சட்டமன்றத்துக்கு வரும் நாளிலே, தடியடிக் கணக்கும் வாகனக் கணக்கும் பேசப்படும். உங்கள் தொகுதி உறுப்பினரை அதற்கு முன்பே சந்தியுங்கள். சென்ற உதவி ஆய்வாளர் தேர்விலே துறை ஒதுக்கீட்டில் எழுதியோர் எத்தனை, தேறியோர் எத்தனை. தவறென்று நீக்கப்பட்ட வினாக்கள் எத்தனை. அவற்றை எழுதியவர்கள் எத்தனை ஆண்டு நிலையப் பணி பார்த்தவர்கள். தேர்ச்சிக் கோட்டை யார், எந்தத் தேதியிலே, என்ன காரணம் எழுதிக் கிழித்தார். இந்தக் கேள்விகளைத் தாளிலே எழுதி அவர் கையிலே கொடுங்கள். அமைச்சர் எண்ணிலே விடை சொல்லட்டும்.